பொழுது சாயறதுக்குள்ள கோழிக்கோடு

இந்திரா: ஏங்க... கொடியில இன்னாது இது? டவுசருக்குள்ள யாரு பஞ்சு வச்சித் தெச்சது?

ஜீவந்தரன்: தொடாத, தொடாத! அது சைக்கிள் டவுசர். அதைப் போட்டுக்கினு உட்கார்ந்தா டெல்லி வரைக்கும் மிதிக்கலாம். உட்கார்ற எடம் பூ மாதிரி இருக்கும்.

இந்திரா: டெல்லி எதுக்கு? கோழிக்கோடுன்னுதானே சொன்னீங்க?

ஜீவந்தரன்: கோழிக்கோடுதான். மாமல்லபுரத்துல இந்தக் கடல்ல சக்கரத்தை நனைக்கிறோம், அங்க போயி அந்தக் கடல்ல நனைக்கிறோம். நடுவுல இருக்கிறது வெறும் ரோடு. பொடவையை விரிச்சுப் போட்ட மாதிரி...

இந்திரா: போதும். ரிடையர் ஆகியும் பட்டு சங்கத்துக் கவுண்டர்லயே நிக்கிறீங்க. நடுவுல மலை இருக்குதே?

ஜீவந்தரன்: பாலக்காட்டுல மலையே நமக்கு வழிவிட்டு ஒதுங்கி நிக்குது! நேத்து ஐயம்பேட்டை போனேன் பாரு... பின்னாடி வந்த பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சி அடிச்சிப் பாத்துட்டு, இந்தாளைப் புடிக்க முடியாதுன்னு விட்டுட்டான்.

இந்திரா: திரும்பி வர்றப்ப ஷேர் ஆட்டோ மேல சைக்கிளைக் கட்டிக்கினு வந்தீங்களாமே? எதிர்வீட்டு கலாவதி பாத்துச்சாம்.

ஜீவந்தரன்: அது... சைக்கிளுக்கு ரெஸ்ட்.

இந்திரா: ம்ம். நான் இன்னா சொன்னேன்? எதிர்வீட்டு முனிரத்தினம் அண்ணன் துணைக்கு வந்தா போங்க. தனியான்னா தெருமுனையைக் கூடத் தாண்டக் கூடாது.

ஜீவந்தரன்: வர்றான்மா! வராம? என்னை விட அவன்தான் துடிக்கிறான். தூக்கத்துல பெடல் மிதிக்கிறானாம். கட்டில் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கே வந்துடுச்சாம்!

இந்திரா: அவரு பொண்டாட்டி... கலாவதி என்கிட்ட சொல்லவே இல்லையே?

ஜீவந்தரன்: அது... அசந்து தூங்கியிருக்கும். அதை விடு, உன் முழங்கால்ல இன்னா பிளாஸ்திரி?

இந்திரா: காலைல ஓரிக்கைக்கு வாக்கிங் போனப்ப... இடிச்சிக்கினேன். பேச்சை மாத்தாதீங்க. எங்கெங்க தங்கறீங்க?

ஜீவந்தரன்: மொத நாள் மாமல்லபுரத்துலேர்ந்து நம்ம வீடு வரைக்கும். அடுத்தது ஆரணி, உன் தம்பி வீடு. வெளிச்சத்துலயே சாப்பாட்டை முடிச்சிடுவாங்க.

இந்திரா: அப்புறம்?

ஜீவந்தரன்: திருவண்ணாமலை. அங்கயும் விளக்கு வைக்கிறதுக்குள்ள மெஸ்ஸுல சாப்ட்டுடறது. அப்புறம் ஊத்தங்கரை, அதேதான். ஜைன வீட்டுல பொறந்தவன்மா நான். பொழுது சாஞ்சப்புறம் ஒரு பருக்கை வாயில வச்சிருப்பேனா?

இந்திரா: சேலத்துல?

ஜீவந்தரன்: அங்க மட்டும் இன்னா? பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுட்டு படுத்துடறது.

இந்திரா: சரி... முனிரத்தினம் அண்ணனுக்கு?

ஜீவந்தரன்: அவனுக்கென்ன?

இந்திரா: ராத்திரி ரெண்டு முட்டை தோசை உள்ள போகலைன்னா அவருக்குக் கண்ணே மூடாது. நீங்க சொன்ன ஊருல ஒண்ணுல கூட அவருக்கு ராத்திரி சாப்பாடு இல்லையே! பட்டினி போட்டா கூட்டிக்கினு போறீங்க?

ஜீவந்தரன்: அது... அவன் தனியா... கடைக்கு...

இந்திரா: ஏங்க.

ஜீவந்தரன்: இரு, டவுசர் காஞ்சிடுச்சான்னு பாத்துட்டு வர்றேன்.

இந்திரா: என்னைப் பாத்து சொல்லுங்க.

ஜீவந்தரன்: வரலைன்னுட்டான்மா. மூட்டு வலியாம். சொன்னா நீ விட மாட்டேன்னுதான்... இந்திரா, எத்தினி ஊருக்குப் பொடவை மடிச்சிக் குடுத்திருக்கேன்! கோழிக்கோட்டுக்காரங்க அந்தக் கடலைப் பத்தி சொல்லச் சொல்ல, கவுண்டருக்கு உள்ளேயே நின்னு கேட்டுக்கினு இருந்தேன். ஒரே ஒரு தடவை... மெதுவா போறேன், தனியா ஆனாலும்...

இந்திரா: தனியா கிடையாது.

ஜீவந்தரன்: அவ்ளோதானா?

இந்திரா: மேடு வர்றதுக்கு முன்னாடியே சின்ன கியருக்கு மாத்திக்கணும். ஏறும்போது முக்கிக்கினு மாத்தினா செயின் கழண்டுக்கும். நேத்து ஆட்டோல வந்தது அதனாலதானே?

ஜீவந்தரன்: உனக்கு... இதெல்லாம் யாரு சொன்னது?

இந்திரா: ஓரிக்கை பாலத்து மேடு. விழுந்து விழுந்து சொல்லிக் குடுத்துச்சு.

ஜீவந்தரன்: வாக்கிங்னு சொன்னியே... அப்போ முனிரத்தினம்?

இந்திரா: மூட்டு வலின்னு சொல்லச் சொன்னதே நான்தான். அவருக்கும் அப்பாடான்னு ஆயிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடறவருக்கு, அதே நேரத்துல சாப்பிடற ஆளுதானே துணை? அண்ணன் சைக்கிள் நம்ம மாடிப்படிக்குக் கீழ, சாக்குக்குள்ள இருக்குது. சீட்டைக் கூட எனக்கேத்த மாதிரி இறக்கியாச்சு. வாயைப் பொளந்துக்கினு நிக்காதீங்க... கடை மூடறதுக்குள்ள போயி, அந்தப் பஞ்சு டவுசர் இன்னொண்ணு வாங்கிக்கினு வாங்க!