கிளியம்மாள் வைத்த பூ

வெண்டைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன், மேடம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய் விற்கிறவர்கள் என் தலையைக் கண்டாலே கூடையைச் சாக்கால் மூடுவார்கள். அரைக் கிலோவுக்கு அரை மணி நேரம். என் மனைவி ஞானாம்பாள் என்னோடு கடைக்கு வருவதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்தது ஏதோ கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது.

பெயர் யக்ஞநாராயணன். வயது அறுபத்திரண்டு. சிட்லபாக்கத்தில் சொந்த வீடு. ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள அந்த மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆலோசகர். நோயாளி தசரதன் இறந்ததற்கு அங்கே வேலை பார்த்த கிளியம்மாள் காரணமில்லை. அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்தியது அநியாயம். அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

நோயாளிகளைப் பதிவு செய்கிற புரோகிராமை 1995-இல் நான் தனி ஆளாக எழுதினேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பெயர், வயது, ஊர், வார்டு எல்லாவற்றுக்கும் இடம் வைத்தேன். எந்த மருந்து ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று குறிக்க மட்டும் இடம் வைக்க மறந்துவிட்டேன். மறதி வேறு, கவனக்குறைவு வேறு.

மூன்று வருஷம் கழித்துக் கிளியம்மாள் வந்து கேட்டார். ரெக்கார்டு அறையில் பதிவு போடுகிறவர், ஊரப்பாக்கத்துப் பழைய குடும்பம், பத்தாம் வகுப்புப் படிப்பு. "சார், ஊசி ஒத்துக்காதவங்களுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடு சார்" என்றார். ஒரு கட்டம் சேர்த்தால் மொத்த ஃபைலையும் மாற்ற வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றேன். ஆகத்தான் செய்யும். ஆனால் அந்த வருஷம் முழுக்க நான் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தம்மாவே ஒரு வழி செய்துகொண்டார். யாருக்கு மருந்து ஒவ்வாதோ, அவர் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியைத் தட்டினார். அதைப் பூ என்பார். "பூ வெச்சிக்கினேன் சார், நர்சுங்களுக்கும் சொல்லிட்டேன்" என்றார். அச்சிட்ட சீட்டில் பூவைப் பார்த்தால் நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். இருபத்தேழு வருஷம் இப்படியே ஓடியது. அறுநூற்றுப் பன்னிரண்டு பூ. ஒரு உயிர் போகவில்லை. வருஷா வருஷம் ஆண்டு விழாவில் என் புரோகிராமைப் பாராட்டி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் கூச்சமில்லாமல் குனிந்து கொடுத்தேன்.

போன வருஷம் டாக்டர்கள் கையில் டேப்லெட் கொடுக்க முடிவானது. பழைய புரோகிராமை உடைக்காமல் அதற்கு வெளிப்பக்கம் வெப் சர்வீஸ் என்று ஒன்றைக் கட்டுவது என்று பேசினார்கள். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட் வெளியே நின்று கேட்கும், பழைய புரோகிராம் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கும். ஜன்னலை வைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. டேப்லெட் வேலைக்கு வந்த குழுவுக்கு ஸ்ம்ருதி என்ற பெண் தலைவி, முப்பது வயதுகூட இருக்காது. முதல் வாரமே என்னை 'லெஜண்ட் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போய் ஞானாம்பாளிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

ஒரு மதியம் ஸ்ம்ருதி கேட்டாள். "சார், சில பேருக்குப் பின்னாடி ஸ்டார் வருதே, அது என்ன? ஆப் அதை ஏத்துக்க மாட்டேங்குது."

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் புரோகிராமில் ஓர் ஓட்டை இருந்தது, ரெக்கார்டு அறை அம்மா அதைப் பூ வைத்து அடைத்தார் என்று. குழுவில் ஆறு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய பிரிண்டர் கோளாறும்மா. டேப்லெட்டுக்கு வரப்போ துடைச்சிடறேன்" என்றேன்.

"அப்புறம் அலர்ஜி கட்டம் சார். அது காலியா வந்தா ஆப் நின்னுடும். உங்க சிஸ்டத்துல அது எங்க இருக்கு?"

"எல்லாருக்கும் 'இல்லை'ன்னு வர மாதிரி பண்ணிடறேன்."

"வெரிஃபை பண்ணதா சார்?"

"முப்பது வருஷமா வெரிஃபை ஆனதும்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்பத்தோராயிரம் பேருக்கும் ஒரே பதில். எழுதியது ஒரே வரி. அழகான வரி, இப்போது படித்தாலும் குறை சொல்ல முடியாது.

சீட்டு அச்சிடுவது நின்று டேப்லெட் வந்த முதல் திங்கட்கிழமை காலை கிளியம்மாள் என் மேசைக்கு வந்து நின்றார். "இன்னா சார் இது, டாக்டர் கையில கீற பலகையில பூ ஒண்ணுகூடக் காணோமே. அவங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

"உள்ள பத்திரமா இருக்கு கிளியம்மா. டாக்டருக்கு வேற மாதிரி வரும்."

"வருதில்ல சார்?"

"வருது."

"அப்போ சரி. நீ எழுதினது, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே சரிசெய்திருக்கலாம். ஸ்ம்ருதி இன்னும் இரண்டு வாரத்தில் பெங்களூருக்குப் போகிறாள், அவள் கிளம்பிய பிறகு செய்யலாம் என்று இருந்துவிட்டேன்.

அவள் கிளம்பியது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தசரதனைக் கொண்டுவந்தார்கள். ஊரப்பாக்கத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவர், நாற்பத்தாறு வயது. பைக் சறுக்கி விழுந்ததில் நினைவில்லை. உடன் வந்தவர்கள் வழிப்போக்கர்கள். சட்டைப் பையில் எங்கள் மருத்துவமனையின் பழைய அட்டை இருந்தது. டாக்டர் அந்த எண்ணைத் தட்டி டேப்லெட்டைப் பார்த்தார். ஒவ்வாமை: இல்லை. ஊசி போட்டார். தசரதனின் மனைவி ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "பத்து வருசம் முன்னாடியே பதிஞ்சு வெச்சோமே" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓடிவந்தேன் என்று எல்லோரும் உருகினார்கள். நான் என் அறையில் பழைய ஃபைலைத் திறந்தேன். தசரதன், ஊரப்பாக்கம், பெயருக்குப் பின்னால் பூ. அழித்தேன். வாராந்திர நகலிலும் அழித்தேன். யார் எதை மாற்றினார்கள் என்று என் புரோகிராம் குறித்து வைக்காது. மற்ற அறுநூற்றுப் பதினோரு பூவையும் அப்படியே விட்டேன். அவை இருந்தால்தான் இந்த ஒன்றை மட்டும் கிளியம்மாள் மறந்துவிட்டார் என்பது நம்பும்படி இருக்கும். பிறகு, பூ இருந்தால் டேப்லெட்டில் எச்சரிக்கை வரும்படி ஜன்னலைத் திருத்தினேன். நாலு வரி, இருபது நிமிஷம். பக்கத்துக் கடையில் சொல்லியிருந்த டீ ஆறவில்லை.

விசாரணைக்குத் தொழில்நுட்ப அறிக்கை எழுதச் சொன்னதும் என்னைத்தான். பழைய பதிவில் குறிப்பு ஏதும் இல்லை என்று எழுதினேன். அறிக்கையில் பொய் ஒரு வார்த்தை கிடையாது. எழுதுகிற நேரத்தில் அது இல்லைதான்.

கிளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் கையால வெச்சேன் சார். நீயாவது சொல்லு சார்."

"வயசாச்சுன்னா எல்லாருக்கும் மறக்கும் கிளியம்மா" என்றேன். இதமாகத்தான் சொன்னேன்.

நாலு மாதம் ஆகிறது. அந்தம்மா இப்போது கூடுவாஞ்சேரி மார்க்கெட் வாசலில் பூக்கட்டி விற்கிறார். வழியில் பார்த்தேன். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், ஞானாம்பாளுக்கு என்று ஒரு முழம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனச்சாட்சி உறுத்தித்தான் வந்திருக்கிறேன் என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

போன புதன்கிழமை கிரீஷ் என்று புதிதாக வந்த மேனேஜர் மீட்டிங் போட்டார். "அலர்ஜிக்கு ஒரு கட்டம்கூட இல்லாத சிஸ்டம் இது. அந்தாள் செத்ததுக்கு இந்தப் பழைய குப்பைதான் காரணம். இந்த மாசமே தூக்கிப் போடுங்க" என்றார். எல்லோரும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் இந்த ஐந்து நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

பூவைத் துடைத்தது நான். எல்லோருக்கும் 'இல்லை' என்று எழுதியது நான். செத்தவர் பதிவை அழித்ததும், பழியைக் கிளியம்மாள் தலையில் கட்டியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் மேடம், புரோகிராம் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கிளியம்மாள் விஷயத்தை அதற்குக் கீழே எழுதினால் போதும்.