ஹெப்சிபா சொன்ன சரியான பதில்

பிரசங்கத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லட்டுமா? சின்னக் கதைதான்... ஆனா எனக்கே இன்னும் முழுசாப் பிடிபடாத கதை.

டெக்சாஸ்ல மூணு வருஷம் ஒரு தமிழ்ச் சபையில ஊழியம் செஞ்சேன். அங்க ஹெப்சிபான்னு ஒரு நர்ஸ். பேரை மாத்தித்தான் சொல்றேன், அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். நம்ம தக்கலைப் பக்கத்துக்காரங்க. பதினேழு வருஷ சர்வீஸ். அதுக்கு மேல மனநல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் முடிச்சாங்க. இனி ஒரே ஒரு பரீட்சை. அதுல பாஸானா, மனசு சரியில்லாம வர்றவங்களை அவங்களே பார்த்து, என்ன நோய்னு சொல்லி, மருந்தும் எழுதலாம். லேசுப்பட்ட காரியமா?

பரீட்சை எப்படின்னா... ஒரு கேள்வி, நாலு பதில். ஹெப்சிபா தலையில கை வெச்சுக்கிட்டுச் சொல்வாங்க, "பாஸ்டர், நாலும் சரியாத்தான் இருக்கு. 'முதல்ல என்ன செய்வீங்க'ன்னு கேக்குறான். நான் நாலையும் செய்வேனே!"

படிக்கப் படிக்க இன்னொரு குழப்பம். எந்த நோயைப் படிச்சாலும் அது யாருக்காவது இருக்குற மாதிரியே தெரியுது. பக்கத்து வீட்டம்மா பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்த்தா, அதுக்கு ஒரு நோய். ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் என்கிட்டயே வந்துட்டாங்க. "பாஸ்டர், தப்பா நினைக்காதீங்க... ரெண்டு வாரமா ரொம்ப வேகமாப் பேசுறீங்க. ராத்திரி தூங்குறீங்களா?"

நான் சிரிச்சுட்டேன். "அம்மா, மைக் கரகரன்னுதும்மா. அதான் சீக்கிரம் முடிச்சேன்!"

சுத்தி நின்னவங்களும் சிரிச்சாங்க. அவங்க முகம் சுருங்கிப்போச்சு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்குறதில்ல.

அவங்க வீட்டுக்காரர் தவசிங். சபையில கீபோர்டு வாசிக்கிறவர். ஊர்ல அவர் அண்ணன் இறந்து ஆறு மாசம். விசா பேப்பர் சிக்கல், போக முடியல. அடக்கத்தை போன்லதான் பார்த்தார். அப்புறம் பேச்சில்ல, சாப்பாடு இல்ல. திடீர்னு ஒரு வாரம் தெளிஞ்சிட்டார். சிரிக்கிறார், மனைவிக்குப் படிக்க உதவி செய்யுறார். கீபோர்டைத் தூக்கிட்டு வந்து, "பாஸ்டர், இது சபைக்கே இருக்கட்டும்"னார். நான் என்ன செஞ்சேன்? மைக்ல அறிவிச்சேன். எல்லாரும் கை தட்டினோம்... கை தட்டினோம் பாருங்க!

பரீட்சைக்கு ஒம்பது நாள். சாயங்காலம். சாப்பாட்டு மேஜையில உக்காந்து அவர் கேள்வி அட்டையை வாசிக்கிறார். இவங்க தோசை சுட்டுக்கிட்டே பதில் சொல்றாங்க. அட்டை இங்கிலீஷ்ல, நான் தமிழ்ல சொல்றேன்.

"அம்பது வயசு ஆண். குடும்பத்துல ஒரு சாவு. பல மாசமா துக்கம். இப்போ திடீர்னு அமைதியாயிட்டார். தனக்குப் பிடிச்ச சாமானை எல்லாம்..."

குரல் நின்னுது.

"...அடுத்தவங்களுக்குக் குடுக்குறார். நர்ஸ் முதல்ல என்ன செய்யணும்?"

இவங்க திரும்பிக்கூடப் பாக்கல. படபடன்னு, "தற்கொலை எண்ணம் இருக்கான்னு அவர்கிட்டயே நேராக் கேக்கணும்!"

"சரி." அடுத்த அட்டையை எடுத்துட்டார்.

பதில் சரி. முழு மார்க். ஆனா அந்த மனுஷன் அங்கதானே உக்காந்திருக்கார்?

மூணு அட்டை போச்சு. ஹெப்சிபாவுக்குக் கை ஓடல. அந்த அட்டையை வாசிக்கையில ஏன் நடுவுல நிறுத்தினார்? கண்ணாடி சரியில்லையோ? கீபோர்டு... ஐயோ, கீபோர்டு! இல்ல இல்ல, நான்தான் எல்லாரையும் நோயாளியாப் பாக்குறேனே. பாஸ்டர்கிட்ட பட்ட வெக்கம் போதாதா? கேட்டா கோவப்படுவாரோ? இல்லாத நெனப்பை நானே கிளப்பிவிட்டுருவேனோ? அப்படி ஆகாதுன்னு பாடத்துல படிச்சிருக்காங்க. அடிக்கோடு போட்டு வெச்சிருக்காங்க. ஆனா இது வீட்டுக்காரர் இல்லையா...

அடுப்பை அணைச்சாங்க.

"என்னங்க."

"ம்."

"உங்களுக்கு... செத்துப் போயிடணும்னு தோணுதா?"

அவர் அட்டைகளை அடுக்கிக்கிட்டே இருந்தார்.

"தெரியல ஹெப்சி... இருக்கணும்னு தோணல. நீ கேட்டது இதுதானா, வேற ஏதாவதான்னு... எனக்கே தெரியல."

பதினேழு வருஷ நர்ஸ். படிச்சது ஒரு வரி ஞாபகம் வரல. பக்கத்துல போய் உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "எனக்கும் தெரியலங்க. ஆனா உங்களைத் தனியா விடமாட்டேன். வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

போனாங்க. அங்க ஒரு டாக்டரம்மா, "எப்போலேர்ந்து இப்படி?"ன்னு கேட்டாங்க. ஒரே வீட்டுல இருக்குற ஹெப்சிபாவால அதுக்குப் பதில் சொல்ல முடியல. பதினோரு நாள் அவரை அங்கேயே வெச்சிருந்தாங்க. பரீட்சைத் தேதி அதுக்குள்ள போயிடுச்சு. இப்போ மருந்து சாப்பிடுறார். வாரம் ஒரு தடவை டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசுறார். நல்ல நாளும் உண்டு, ரொம்ப மோசமான நாளும் உண்டு.

நான் கேட்டேன், "அம்மா, எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க பாஸ்டர் கண்டுபிடிச்சேன்? கேக்கும்போதுகூட எனக்கு நிச்சயமில்ல. நிச்சயமில்லாமத்தான் கேட்டேன்."

பிரியமானவங்களே... இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாம காத்திருக்கோம். நல்லாத் தெரியட்டும், அப்புறம் கேப்போம்னு காத்திருக்கோம். தப்பாப் போயிட்டா வெக்கமாச்சேன்னு காத்திருக்கோம். ஐயா, நமக்குத் தெளிவாத் தெரியிற அன்னைக்கு... கேக்குறதுக்கு அந்த ஆள் இருக்கணுமே!

இப்போ நான் பேசப் பேச உங்களுக்கு யாரோ ஒருத்தர் முகம் வந்திருக்கும். 'சேச்சே, அவருக்கென்ன, நல்லாத்தானே இருக்கார்'னு தள்ளாதீங்க. குழப்பமா இருக்கா? இருக்கட்டும். அந்தக் குழப்பத்தோடயே போய்க் கேளுங்க. 'தெரியல'ன்னு பதில் வந்தா, எழுந்து வந்துடாதீங்க... பக்கத்துல உக்காருங்க.