நிறம் போன தண்ணீர்

உட்காரச் சொன்னதற்கு நன்றி ஐயா. நின்றபடியே வேலை பார்த்துப் பழகியவன் நான். நாற்காலி கிடைத்தால் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. தண்ணீரில் பெராக்சைடைக் கலந்து, புற ஊதா விளக்குகளுக்கு நடுவே சுற்றவிடுவோம். சாயமும் மற்ற ரசாயனங்களும் உடைந்துகொண்டே வரும். முதலில் போவது நிறம். மிச்சம் முழுதாக உடைய இன்னும் நெடுநேரம் சுற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால், உடைந்த துண்டுகள் சில சமயம் அந்தச் சாயத்தைவிடக் கொடியவை. இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன்.

விளக்குகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. புதியவை வரவில்லை. தொட்டியோ நிரம்பி வழிந்தது. "நிறம் போயிடுச்சுல்ல, ஆத்துல தொறந்து விடுப்பா" என்றார் மேலாளர். அவர்மேல் பழி போட மாட்டேன். வால்வைத் திருகியது என் கை. ஒருநாள் மட்டும் என்று ஆரம்பித்தது, வழக்கமாகிவிட்டது.

ஆற்றோரக் குடியிருப்பில் என் தங்கை வீடு. இந்தச் சுத்திகரிப்பு வருவதற்கு முன்பெல்லாம் ஆறு ஒருநாள் நீலமாகவும் மறுநாள் சிவப்பாகவும் ஓடும். யாரும் வாய் வைக்க மாட்டார்கள். லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்வார்கள். நிறம் போனதும் எல்லோரும் ஆற்றுக்கே வந்துவிட்டார்கள்.

"அண்ணா, தண்ணி பளிங்கு மாதிரி வருது. குடிக்கலாமா?" என்று தங்கை கேட்டாள். சின்ன வயதிலிருந்து என்னை உதவாக்கரை என்று கிண்டல் செய்தவள், அன்று தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். என்னை நினைத்து அவள் பெருமைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "தாராளமா குடிங்க" என்றேன்.

அவள் மகளை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். தூக்கத்தில்கூடப் பேசுவாள். அந்தக் குழந்தைக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். "எங்க அண்ணன் சுத்தம் பண்ற தண்ணி டாக்டர். அதுல ஒரு குறையும் இருக்காது" என்றாள் தங்கை. நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையை ஆட்டினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் வாயாடிக்குப் பேச்சே குறைந்துவிட்டது. "மாமா, தண்ணி" என்பாள், அவ்வளவுதான். தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்து நானே புகட்டினேன். கடையில் வேறு வாங்கி வந்தால், ஏன் என்று தங்கை கேட்டிருப்பாள். அந்தக் காய்ந்த உதட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, ஐயா. ராத்திரியில் அழுகிறேன். நம்புங்கள்.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தங்கையிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள், தாங்க மாட்டாள். இன்றைக்கும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். அவள் மனசு நோகக் கூடாதே என்றுதான் நானும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.