கொப்பரையில் விழுந்த வினிகர்

எண்ணெயையும் காரநீரையும் இணக்கி வைத்த எங்கள் தலைமைக் கொதிப்பாளரே, கொப்பரையின் குமிழ்ச் சத்தம் கேட்டே அதன் குறை சொல்பவரே, முப்பத்தாறு ஆண்டுகளாக லெஸ்வோஸ் தீவின் கரையில் ஆலிவ் சோப்பு காய்ச்சிய அன்பிற்குரிய மிர்சினி அக்கா அவர்களே, வணக்கம்.

விடைபெறும் நாளில் குணங்களை அடுக்குவது வழக்கம். அடுக்கினால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். "மிர்சினி கொப்பரையக் கெடுத்தவ" என்ற பேச்சு பதினோர் ஆண்டுகளாக இந்த ஊரில் உலவுகிறது. அந்தப் பழியோடு உங்களை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

நடந்தது இதுதான். பிரேயஸ் துறைமுகத்து வியாபாரி ஒருவர் நம் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தார். தாள் நீலமானது. "உங்க சோப்புல காரம் இருக்கு. தாள் நீலமாகாத சோப்பு குடுத்தாத்தான் சரக்கு எடுப்பேன்" என்று தொலைபேசியில் கத்தினார். அவர் எடுக்காவிட்டால் ஆலையை மூட வேண்டியதுதான். அப்போதுதான் தந்தையிடமிருந்து ஆலையை ஏற்றிருந்த நம் முதலாளி இக்னாத்திஸ் நடுங்கிப்போனார்.

அன்று பெரிய வெள்ளி. நோன்புப் பருப்பில் ஊற்ற ஊரே வினிகர் வாங்கும் நாள். நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த வேளையில், காரத்தை அமிலம் அடக்கும் என்று பள்ளியில் படித்ததை நம்பி, வெந்து முடிந்த கொப்பரையில் அவர் பீப்பாய் பீப்பாயாக வினிகரைக் கவிழ்த்தார். நீங்கள் திரும்பியபோது சோப்பு இல்லை. புளித்த நாற்றத்தோடு எண்ணெய்ப் படலம்தான் மிதந்தது.

"காரத்த மட்டுந்தான்க்கா எடுக்கப் பார்த்தேன்" என்றார்.

"காரமும் எண்ணெயும் கல்யாணம் பண்ணினதுதான் தம்பி சோப்பு. நீ பொண்ணத் தூக்கிட்டுப் போயிட்ட. மாப்பிள்ளை தனியா மெதக்கிறான் பாரு" என்றீர்கள்.

அடுப்புக்காரர் தக்சியார்கிஸ் சிரித்துவிட்டார். சிரித்த குற்றத்துக்கு மூன்று நாள் ஆலிவ் கொட்டை அள்ளி அடுப்பில் போட்டார். ஈஸ்டர் ஆட்டுக்கறி வீடுகளில் ஆறிக்கிடக்க, நீங்கள் காரநீரைச் சிறுகச் சிறுக ஊட்டி, மறுபடி காய்ச்சி, உப்புநீர் விட்டுக் கசடைக் கீழே இறக்கினீர்கள். கடைசியில் ஒரு துளியை ஆற வைத்து நாக்கு நுனியில் தொட்டீர்கள். காரம் கடிக்கவில்லை.

செவ்வாயன்று வியாபாரி நேரிலேயே வந்தார். தாள் மறுபடி நீலமானது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். திறந்திருந்த அவர் பையில் பாரிஸ் சோப்பு ஒன்று தெரிந்தது.

"உக்காருங்க ஐயா. உங்க பையில இருக்கிற பாரிஸ் சோப்பையும் கரைங்க" என்றீர்கள்.

அதுவும் நீலம்தான்.

"தண்ணியில கரைஞ்சா சோப்புக்கு அதுதான் குணம். கடிக்கிற காரம் வேற. அது எண்ணெயோட சேராம மிஞ்சினது. எங்க சோப்புல அது இல்ல. நக்கிப் பாருங்க."

அவர் நக்கினார். "ருசி கேவலம்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா கடிக்கல" என்றார். கேட்டதைப் போல் இருமடங்கு சரக்கு கப்பலேறியது.

கொப்பரை கெட்ட செய்தி மட்டும் ஊருக்குள் கசிந்தது. "புதுசா வந்த பிள்ளை. அவன் பேரு கெட்டா ஆலையை யாரு நம்புவா? என் பேரச் சொல்லுங்க" என்று எங்கள் வாயைக் கட்டினீர்கள். ரொட்டிக்கடையில் கேலி கேட்டும் ஒரு சொல் பேசாமல் ரொட்டியோடு திரும்பினீர்கள். அன்று நாங்களும் பேசாதிருந்தோம். அது எங்கள் குற்றம்.

இன்று முதலாளி இம்மடலைப் படித்தார். ஒரு வரியையும் அடிக்கவில்லை. இதன் இரண்டு நகல்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார். ஒன்று உங்கள் வீட்டுக்கு; மற்றொன்று ஊரே கூடும் துறைமுகக் காப்பிக்கடைச் சுவருக்கு. அதற்கான ஆணியைக் காலையில் அவரே அடித்துவிட்டு வந்தார்.

எங்கள் அக்காவே, நோயின்றி, வலியின்றி, தலை நிமிர்ந்து நெடுங்காலம் வாழ்க.

வினிகர் ஊற்றியவன்,
இக்னாத்திஸ்

உண்மை தெரிந்தும் வாய்மூடியிருந்த
ஆலைத் தொழிலாளர்கள் இருபத்திரண்டு பேர்