ஆறாவது டேக்

பருத்தித் துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டால் போதும், மூவாயிரம் வருடப் பழமை வந்துவிடும் சார். பலர் கடையில் சாயம் வாங்கித் தடவிக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

நான் மேக்கப்மேன். எகிப்தியக் கல்லறையைத் திறந்தவர்களை மம்மியின் சாபம் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் படம் இது. மம்மியாக நடித்தவர் என் தங்கை கணவர். வாய்ப்பில்லாமல் வீட்டில் கிடந்தவரை நான்தான் டைரக்டரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். நல்ல மனிதர். துணி சுற்ற நாலு மணி நேரமாகும், முகம் சுளிக்க மாட்டார். "கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்ளோ அலங்காரம் பண்ணலையே மச்சான்" என்று கிண்டலடிப்பார். அவரை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாயை ஒட்டிவிட்டால் பேச முடியாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. மூக்குக்கு நேரே இரண்டு ஓட்டை விடுவேன். வலது சுண்டுவிரலைத் தனியாகச் சுற்றுவேன். மூச்சு முட்டினால் அவர் அதை அசைப்பார், நான் ஓடிப்போய்ப் பிரிப்பேன்.

அன்று, மம்மி படுத்திருக்கும் பெட்டியின் மூடி திறந்ததும் கேமரா முகத்தருகே போகும் ஷாட். ஐந்து டேக் வீணானது. அவர் மூச்சு விட, ஓட்டை ஓரத்துத் துணி படபடத்தது. தனியே விட்ட சுண்டுவிரலும் அவரை அறியாமல் அசைந்தது.

"செத்தவன் எதுக்குய்யா மூச்சு விடுறான்? என்ன கட்டு கட்டுறே நீ?" என்று எல்லார் முன்னாலும் டைரக்டர் கேட்டார்.

முப்பது வருடத்தில் என் வேலையை யாரும் அப்படிப் பேசியதில்லை. அவமானமாக இருந்தது. மாப்பிள்ளை மேல் கோபம் ஒன்றுமில்லை.

ஆறாவது டேக்குக்கு ஓட்டைகளின் மேல் இரண்டு சுற்று ஈரத்துணி போட்டேன். சுண்டுவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துக் கட்டினேன். "ஒரு நிமிஷந்தான், பொறுத்துக்கங்க மாப்பிள்ளை" என்றேன். தலையசைத்தார்.

மூடியை மூடிய பிறகு ஒரு விளக்கு பழுதானது. மாற்றக் கால் மணி நேரம் பிடித்தது. பெட்டிக்குள் லேசாக இடிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன். அவருக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். பிரித்தால் ஓட்டை ஓரத்துத் துணி மறுபடி படபடக்கும், டைரக்டர் மறுபடி ஏதாவது சொல்வார். சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

ஷாட் ஒரே தடவையில் ஓகே. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை என்று மற்றவர்கள் கவனிப்பதற்குள் மூக்கின் மேல் இருந்த துணியைப் பிரித்தெடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாபம் என்றார்கள். தங்கையும் நம்பிவிட்டாள். "நீயாவது அந்தப் படத்தை விட்டுடுண்ணா. உனக்கும் ஒண்ணு ஆயிட்டா நான் யார்கிட்ட போவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் இப்படிப் பயந்து பயந்து வாழக் கூடாது. அவளுக்காகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

இன்னொன்று சார். சாபத்துக்குப் பயந்து அந்த ஷாட் இருக்கும் பிலிமை நாளைக் காலையில் எரிக்கப்போகிறார்களாம். சாபமெல்லாம் இல்லை, நான்தான் கொன்றேன் என்று டைரக்டருக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். தங்கைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.