அந்தப் பாத்திரத்தைக் கழுவாதீர்கள்

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் எங்கள் கோட்டுச்சேரி மாதர் மன்றத்தின் மங்கையர்க்கரசி அம்மையார் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் கொம்யூன் பஞ்சாயத்துப் பெரியவர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்து புழுதியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கும் மளிகைக்கடை நீலமேகம் மாமா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் தங்கப்பன் மகள் தையல்நாயகியின் வணக்கம்.

"சத்தமாப் பேசு புள்ள" என்கிறீர்கள். பேசுகிறேன். மைக்செட் அண்ணே, அதைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் நின்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு ஒட்டவில்லை. இன்றைக்கு எனக்குக் கோபம்.

மாசி மாதம் எங்கள் அல்லி அக்காவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம் என்று ஐந்து வகைச் சாதம் கிளறி, தெருவில் இருபது வீட்டுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினோம். தாளித்த நல்லெண்ணெய் நீலமேகம் மாமா கடையில் வாங்கியது. அன்று சாயங்காலமே தெரு முழுக்க வாந்தி. ஆண் என்றில்லை, பெண் என்றில்லை, அத்தனை பேரும் சுருண்டு கிடந்தார்கள். அக்காவைக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை பிறந்தது. அழவில்லை.

அந்த வளையல்களை யார் கழற்றுவது? எந்தக் கையால் கழற்றுவது? சொல்லுங்கள்!

மறுநாள் காலையில் உணவு ஆய்வாளர் வந்தார். கையில் கண்ணாடிப் புட்டிகள், அரக்கு, நூல். "மிச்சம் இருக்கிற சாதத்தக் குடுங்கம்மா, எண்ணெய்ப் பாட்டிலக் குடுங்கம்மா" என்றார். நாங்கள் என்ன கொடுத்தோம் தெரியுமா? பளபளவென்று தேய்த்த அண்டாவைக் கொடுத்தோம்! ஆபீசர் வருகிறார் என்றதும், அழுக்குப் பாத்திரத்தை அவர் கண்ணில் காட்டலாமா என்று, புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தோம். எண்ணெய்ப் பாட்டிலைச் சீயக்காய் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவியிருந்தோம். விளக்கியது யார்? நான். இந்தக் கை.

"சரி, அக்கம்பக்கத்துல குடுத்த தூக்குவாளி?" என்று கேட்டார். அமீர் நிஷா அக்கா வாந்தியெடுத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர். அவரும் கழுவித்தான் அனுப்பியிருந்தார். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதென்று உள்ளே ஒரு பிடி சர்க்கரை வேறு! இருபது வாளியும் அப்படியே. ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்ளோ சுத்தமா இருக்கீங்களேம்மா, நா எத எடுத்துட்டுப் போறது?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீலமேகம் மாமாவும் சிரிக்கிறார். அவர் சிரிக்கலாம். அவருடைய குற்றத்தைக் கூலியில்லாமல் கழுவிக்கொடுத்தவர்கள் நாம்தானே!

பிறகு ஆய்வாளர் கடைக்குப் போனார். முன்னால் ஒரு டின், சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு டின். பின்னால் இருப்பதை எடுக்கச் சொன்னார். "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும், யாராவது வாங்க" என்றார். கடை வாசலில் பத்துப் பதினைந்து ஆம்பளைகள். ஒருவருக்குத் திடீரென்று சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. ஒருவருக்கு மடையில் தண்ணீர் பாய்ந்துவிட்டது. "நாளைக்கு அவரு மூஞ்சிலதான முழிக்கணும்" என்று ஒருவர் முணுமுணுத்துவிட்டு நடந்தார். நான் கை நீட்டினேன். வயது போதாது என்றார்கள். சாட்சி இல்லாமல் எடுத்தால் கோர்ட்டில் நிற்காதென்று வெறும் புட்டிகளோடு அவர் பஸ் ஏறினார். அடுத்த நாள் அந்த டின்னும் இல்லை.

எண்ணெயில் என்ன கலந்திருந்தது? இன்று வரை யாருக்கும் தெரியாது. என் அக்காவுக்குத் தெரியாது. ஒருவருக்குத் தெரியும், அவர் விசிறிக்கொண்டிருக்கிறார்.

சட்டம் இருக்கிறது தாய்மார்களே! அதற்கு ஒரு வாய்ச் சோறு மிச்சம் வேண்டும், ஒரு கையெழுத்து வேண்டும். இரண்டையும் நாம் கொடுக்கவில்லை. இனிமேல் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தாலும் அந்தப் பாத்திரத்தைக் கழுவாதீர்கள்! நாறட்டும், மூடி வையுங்கள்! ஈ மொய்க்கட்டும், மூடி வையுங்கள்! அசிங்கம் நமக்கில்லை, விற்றவனுக்கு!

ஆய்வாளர் மறுபடி எப்போது வருவார் என்கிறீர்களா? தெரியாது. தெரிந்தாலும் இந்த மைக்கில் சொல்வேனா? வருகிற அன்றைக்குச் சாட்சி போட ஒரே ஒரு ஆள் வேண்டும். யார் இருக்கிறீர்கள்?

யாருமே இல்லையா?

அங்கே, வேப்பமரத்தடியில்... காசியம்மா பெரியம்மாவா? "எனக்குக் கைநாட்டுத்தாண்டி, செல்லுமா?" என்கிறீர்களா? செல்லும் பெரியம்மா! செல்லும்! இன்னொரு கை. அஞ்சுகம் சித்தியா? அமீர் நிஷா அக்கா, நீங்களுமா!

நீலமேகம் மாமா, எழுந்திரிக்காதீங்க. இன்னும் நன்றி சொல்லல.

பேச இடம் கொடுத்த தலைவி அம்மையாருக்கு நன்றி. கேட்ட காதுகளுக்கு நன்றி. உயர்ந்த அந்த மூன்று கைகளுக்கு, வளையல் கழற்றிய என் அக்காவின் கையும் சேர்ந்து சொல்கிறது: வணக்கம்.