ஆட்சேபனைக் கடிதம்

கிருஷ்ணராஜ்: இங்க ஒரு கையெழுத்து, அடுத்த பக்கத்துல ஒண்ணு. அவ்வளவுதான் நிரோ.

நிரோஷா: இருங்கண்ணே... தேத்தண்ணி ஆறுது, குடிங்க. என்ன தாளு இது?

கிருஷ்ணராஜ்: சொன்னேன்ல, ஆட்சேபனைக் கடிதம். வீட்டுக்குப் புது மதிப்பீடு போட்டு முனிசிப்பல்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்குல்ல, அதுக்கு.

நிரோஷா: நோட்டீஸ் இந்த வீட்டுக்குத்தானே வந்துச்சு? ஒங்களுக்கு எப்படி...

கிருஷ்ணராஜ்: இங்க மஹய்யாவ பூராவும் இதே பேச்சு. நான் இருக்குற கட்டுகஸ்தோட்டைக்குக் கேக்காதா?

நிரோஷா: சரி... எதுக்கு இவ்வளவு கூட்டியிருக்காங்க?

கிருஷ்ணராஜ்: வீட்ட வாடகைக்கு விட்டா வருசத்துக்கு என்ன வரும்னு பாப்பாங்க. அதுதான் வருசப் பெறுமதி. அதுல நூத்துக்கு இத்தனைன்னு வரி. நீ முன்னறையில ரெண்டு தையல் மெஷின் போட்டிருக்க, கடைன்னு எழுதிட்டாங்க. கடைக்கு வீதம் கூட.

நிரோஷா: அடேங்கப்பா! பத்து வருசமா வரிச்சீட்டு என்ன கலருன்னே தெரியாது ஒங்களுக்கு...

கிருஷ்ணராஜ்: அதான் இப்ப ஒதவ வந்திருக்கேன்ல! நாளைக்குக் கடைசி நாள். போடு.

நிரோஷா: எல்லாம் சிங்களத்துல இருக்கு.

கிருஷ்ணராஜ்: ஆபீஸ்ல அப்படித்தான் கேக்குறாங்க.

நிரோஷா: முத்திரை எதுக்கு ஒட்டியிருக்கு?

கிருஷ்ணராஜ்: அது... சும்மா, ஒரு பலத்துக்கு.

நிரோஷா: என் அடையாள அட்டைக் கொப்பி கேட்டீங்க. அப்பாவோட காணி உறுதிப் பத்திரமும் கேட்டீங்க. வரியக் கொறைக்க உறுதி எதுக்குண்ணே?

கிருஷ்ணராஜ்: என்ன நீ, பொலிஸ் மாதிரி... கூடப் பொறந்தவன நம்ப மாட்டியா?

நிரோஷா: ஆட்சேபனைய நான் போன செவ்வாக்கெழமையே குடுத்துட்டேன்.

கிருஷ்ணராஜ்: ...என்னது?

நிரோஷா: நானே போனேன். தமிழ்லயே படிவம் தந்தாங்க, எழுதிக் குடுத்தேன். முத்திரையும் கேக்கல, உறுதியும் கேக்கல. விசாரணைக்குத் தேதி போட்டுக் கூப்பிடுவாங்களாம். இப்ப சொல்லுங்க, இது என்ன தாளு?

கிருஷ்ணராஜ்: லீசிங் தவணை கட்டலன்னு என் வேன கம்பனிக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க நிரோ. ஓட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பா போய்ச் சேந்தும் வீடு அவரு பேர்லயே கெடக்கு, எனக்கும் பாதி இருக்குதானே... ஒருத்தரு நல்ல வெல சொன்னாரு. அட்வான்ஸ் வாங்கிட்டேன். வீட்ட விக்க நீ ஒப்புக்கிட்டு எழுதிக் குடுக்குற தாளு இது. கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவ...

நிரோஷா: கேட்டிருந்தா ஒங்க பாதிக்கு ஒரு வழி யோசிச்சிருப்பேன். வெல சொன்ன அந்த மனுசன் நேத்தே வீடு பாக்க வந்தாருண்ணே. விக்கிற எண்ணம் எனக்கில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னுதான் இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.